சல்லடைத் தண்ணீரும் கலங்கிய ஒரு படமும்: ஒரு சதாபிஷேக ஆல்பத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருக்கடையூர் அமிர்தகடேஸ்வரர் கோயிலில் அறுபதாம் கல்யாணம், எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம் என்று வருடம் முழுக்க ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். மார்க்கண்டேயனுக்காகச் சிவன் காலனை உதைத்த தலம் என்பதால், ஆயுள் வேண்டித் தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வருகிறார்கள். நல்ல நாளில் ஒரே பிராகாரத்தில் பல குடும்பங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பக்கத்து ஹோமத்தின் புகை நம் படத்துக்குள் வரும். நம் வீட்டுப் பெரியவருக்குப் பின்னால் இன்னொரு வீட்டுப் பெரியவர் மாலையோடு நிற்பார். வெளிச்சம் குறைவு, ஈரம் அதிகம், நகர இடமில்லை.

அப்படி ஒரு காலையில் எடுத்த ஒரே ஒரு படம்தான் இந்த ஆய்வின் பொருள். எடுத்தது டெல்டா பகுதியில் உள்ள ஒரு சிறிய ஸ்டுடியோ. அவர்களுக்கு ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. குடும்பத்தாரும் ஸ்டுடியோக்காரரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். யார் பெயரும் இதில் வராது.

குடும்பத்தில் எண்பது வயதுப் பெரியவர், அவர் மனைவி, வெளிநாட்டில் இருக்கும் மகன், பக்கத்து ஊரில் இருக்கும் மகள். பெரியவருக்கு இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் தளர்ந்திருந்தது. நடக்கத் தேறிவிட்டார், வலக்கை மட்டும் மடியில்தான் கிடக்கும். இந்த விவரம் ஸ்டுடியோவுக்குத் தெரியாது. புக்கிங்கின்போது பேசியதெல்லாம் எத்தனை மணிக்கு வரவேண்டும், ஆல்பம் எத்தனை ஷீட், வீடியோ உண்டா என்பவை மட்டும்.

ஸ்டுடியோவிலிருந்து மூன்று பேர் போனார்கள். உரிமையாளர் டிரெடிஷனல், அதாவது நிறுத்திவைத்து எடுக்கும் சம்பிரதாயப் படங்களை எடுப்பவர். கையில் 24-70 எம்எம் எஃப்/2.8 லென்ஸும் ஃபிளாஷும். இரண்டாமவர் கேண்டிட், அதாவது போஸ் கொடுக்காத இயல்பான தருணங்களை எடுப்பவர், அவரிடம் அந்த சீசனுக்காகவே வாங்கிய 85 எம்எம் லென்ஸ். மூன்றாவது, பயிற்சிக்குச் சேர்ந்திருந்த பையன். அவனுக்குக் கொடுத்தது பழைய 50 எம்எம் எஃப்/1.8. கடலோர ஊர்களில் லென்ஸை மூடிவைத்தால் என்ன ஆகுமோ அது அதற்கும் ஆகியிருந்தது: உள்கண்ணாடியில் லேசான பூஞ்சை, அதனால் கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு) மங்கல்.

அபிஷேகத்தின்போது நடந்தது

ஹோமம் முடிந்து, கலச நீரைத் தம்பதி தலைமேல் சல்லடை பிடித்து ஊற்றும் கட்டம். உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து ஊற்றுவார்கள். தண்ணீர் நாலாபக்கமும் தெறிக்கும்.

கேண்டிட்காரர் இரண்டடி பின்வாங்கினார். அவருடைய கேமரா ஈரம் தாங்கும் வகையைச் சேர்ந்ததில்லை, லென்ஸோ புதிது. அவர் செய்ததில் தப்பு சொல்ல முடியாது. உரிமையாளர் தன் இடத்திலிருந்து ஃபிளாஷ் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். விழுகிற துளிகள் ஃபிளாஷில் வெள்ளைப் புள்ளிகளாக முகத்துக்கு முன்னால் உறைந்து நிற்கின்றன. தவிர, அவர் ஊற்றுகிறவர்களை "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று திருப்பிக்கொண்டிருந்தார். யார் யார் ஊற்றினார்கள் என்பது உறவுக்குள் பெரிய கணக்கு, அத்தனை முகமும் ஆல்பத்தில் இருந்தாக வேண்டும்.

பையன் மட்டும் ஒன்றரை மீட்டர் தூரத்திலேயே நின்றான். நனைந்தால் போகட்டும் என்று விடக்கூடிய லென்ஸ் அவனிடம்தான் இருந்தது. சற்று முன் ஃபிளாஷ் இல்லாமல் குத்துவிளக்குச் சுடரை எடுத்திருந்தான். அந்த செட்டிங் அப்படியே இருந்தது. எஃப்/2 (லென்ஸ் அகலத் திறந்த நிலை), ஐஎஸ்ஓ 3200 (கேமராவின் ஒளி உணர்திறன்), ஷட்டர் 1/20 நொடி (ஒளி உள்ளே விழும் நேரம்).

அந்த நேரம் அம்மாவின் கண்ணில் தண்ணீர் இறங்கி, அவர் தலையைக் குனிந்து முகத்தைச் சுளிக்கிறார். பெரியவர் திரும்பி, மடியிலிருந்த வலக்கையைத் தூக்கி அவர் நெற்றியைத் துடைக்கிறார். பையன் ஒரே ஒரு ஃபிரேம் அழுத்தினான். அடுத்த ஃபிரேமில் கை மடிக்கு வந்துவிட்டது.

கழித்தல்

மூன்று கேமராவிலும் சேர்த்து மூவாயிரத்துக்கு மேல் படங்கள். முகூர்த்த சீசன், ஸ்டுடியோவில் மேலும் சில கல்யாணங்கள் காத்திருந்தன. ஆகவே முதல் கழிப்பை, படங்களைத் தரம்பிரிக்கும் மென்பொருள் ஒன்றிடம் விட்டார்கள். பலரும் இப்போது இப்படித்தான் செய்கிறார்கள். ஒரு இரவு முழுக்க ஒருவர் உட்கார்ந்து செய்கிற வேலை கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும்.

இந்த வகை மென்பொருள்கள் முகத்தைக் கண்டுபிடித்து, அதில் உள்ள விளிம்புகள் எவ்வளவு கூர்மையாக வெளிச்சத்திலிருந்து இருளுக்கு மாறுகின்றன என்று அளக்கும். கண் திறந்திருக்கிறதா என்று பார்க்கும். இரண்டிலும் தேறாததை ஒதுக்கும். போட்டோ செஷனில் நிற்கிற மாப்பிள்ளை பெண்ணுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. தலையில் தண்ணீர் ஊற்றும்போது கண்ணைத் திறந்து வைத்திருப்பவர் யார்? அபிஷேகப் பகுதி ஏறத்தாழ முழுவதும் ஒதுக்கப்பட்ட ஃபோல்டருக்குப் போய்விட்டது. என்னிடம் வந்த தேர்வில் ஹோமத்துக்கு அடுத்ததாகத் தம்பதி புதுத்துணி கட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவை உரிமையாளரின் ஃபிளாஷ் படங்கள் சில மட்டுமே.

பையனின் படம் மூன்று காரணத்தால் விழுந்திருக்கிறது: ஃபோகஸ் இல்லை, அசைவு, கண் மூடியிருக்கிறது. அளக்கச் சொன்னதை மென்பொருள் சரியாகத்தான் அளந்தது.

மகளின் கேள்வி

தேர்வுப் படங்கள் குடும்பத்துக்குப் போனதும் மகள் ஸ்டுடியோவுக்குப் போன் செய்தார்.

"அண்ணே, அப்பா அம்மாவுக்கு மூஞ்சி துடைச்சு விட்டாரே, அது வரலையே?"

"அப்படி ஒரு படம் பார்த்த ஞாபகம் இல்லைங்க மேடம். தேடிப் பார்க்கிறேன்."

"அந்தக் கை ரெண்டு வருஷமா மேல வரல அண்ணே. நாங்க எல்லாரும் பார்த்தோம். எப்படி இருந்தாலும் பரவாயில்ல, இருந்தா குடுங்க."

ஆல்பம் கைக்குப் போய்ச் சேரும்வரை எந்த மெமரி கார்டின் நகலையும் அழிப்பதில்லை என்பது அந்த ஸ்டுடியோவின் பழைய வழக்கம். அதனால்தான் படம் கிடைத்தது. பையனே தேடி எடுத்தான்.

படத்தில் என்ன இருந்தது

உரிமையாளர் என்னையும் அழைத்துப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். ஃபிரேமிலேயே ஷார்ப்பாக இருந்தது, கலசம் பிடித்த ஒரு உறவுக்காரப் பெண்ணின் வளையல். ஃபோகஸ் அங்கே போயிருக்கிறது. 50 எம்எம் லென்ஸை எஃப்/2-வில் திறந்து ஒன்றரை மீட்டரில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 11 சென்டிமீட்டர் அளவுதான். அதில் பாதிதான் ஃபோகஸுக்குப் பின்பக்கம் வரும். முகங்கள் வளையலுக்கு ஒரு சாண் கூட இல்லாத தூரத்தில் பின்னால் இருந்தும், மெல்லக் கலங்கிவிட்டன. பெரியவரின் கை ஃபோகஸால் கலங்கியதோடு அசைவாலும் இழுபட்டிருந்தது. தளர்ந்த கை மெதுவாகவே நகர்ந்திருக்கும். நொடிக்கு அரை மீட்டர் என்று கொண்டாலும் 1/20 நொடியில் இரண்டரை சென்டிமீட்டர் கடந்துவிடும்.

இதே கணத்தைப் புது லென்ஸ் பிடித்திருந்தால் ஷார்ப்பாக வந்திருக்குமே என்றார் கேண்டிட்காரர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. லென்ஸின் கூர்மையை அளப்பது அசையாத ஸ்டாண்டில், தட்டையான அட்டையை வைத்து. 1/20 நொடியில் நகர்கிற கைக்கு எந்த விலை லென்ஸும் ஒன்றுதான். ஸ்டெபிலைசர் படம் எடுப்பவரின் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், எதிரில் இருப்பவரின் அசைவை நிறுத்தாது. அங்கே உதவியிருக்கக்கூடியது ஷட்டர் வேகம் மட்டும். அதற்கு ஐஎஸ்ஓ-வை ஏற்றியிருக்க வேண்டும்.

இங்கே இரண்டு கலக்கத்தையும் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் பின்னால் எடுத்த எல்லா முடிவும் இதிலிருந்து வந்தது. முகங்களின் கலக்கம் நஷ்டம். பெரியவர் கண்ணில் இருந்த கவலை தெரிகிறது, ஆனால் இன்னும் தெரிந்திருக்கலாம். கையின் கலக்கம் வேறு விஷயம். 1/250 நொடியில் எடுத்திருந்தால் நெற்றியருகே ஒரு கை நின்றிருக்கும். யாரோ பிடித்து வைத்த கையாகக்கூட அதைக் கொள்ளலாம். இந்தப் படத்தில் கை போய்க்கொண்டிருக்கிறது. அது தானாக அசைந்தது என்பதற்கு அந்த இழுபட்ட கோடே சாட்சி. மகளுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

கொடுப்பதா

உரிமையாளர் முதலில் தயங்கினார். அவர் சொன்ன காரணம் நியாயமானது: ஆல்பத்தை ஊரே பார்க்கும், அடுத்த ஆர்டர் அதிலிருந்துதான் வரும், ஷேக் ஆன படத்தைப் பார்க்கிறவர்களுக்குக் கதை தெரியாது. வெளிநாட்டிலிருந்த மகனும் அதையே கேட்டார்: "இவ்வளவு காசு குடுத்து அவுட் ஆஃப் ஃபோகஸ் படமா?"

அன்று நான் இரண்டு பழைய உதாரணங்களைச் சொன்னேன். ஒன்று, இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கிய வீரர்களைப் போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காபா எடுத்தவை. அமெரிக்காவின் லைஃப் இதழ் அதே மாதம் 19-ஆம் தேதி இதழில் அவற்றை வெளியிட்டபோது, பரபரப்பில் கேமரா அசைந்து படம் கலங்கியதாகக் குறிப்பே போட்டது. மற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரன். 48 வயதில் கேமராவைக் கையில் எடுத்து, கடைசியில் 1879-இல் இலங்கையில் இறந்தவர். நிமிடக்கணக்கில் எக்ஸ்போஷர் கொடுத்து முகங்களை மென்மையாக எடுத்தார். அக்கால விமர்சகர்கள் ஃபோகஸ் செய்யத் தெரியாதவர் என்றார்கள். தன் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் திருகுவதை நிறுத்திவிடுவதாக அவரே எழுதியிருக்கிறார்.

உரிமையாளர் உடனே மறுத்தார்: "அந்த அம்மா வேணும்னு செஞ்சாங்க. இது தவறிப் போனது." அந்த மறுப்பு சரியானது. நாம் கொடுக்கப்போகும் படத்தில் கலை நோக்கம் எதுவும் கிடையாது. காபாவின் படங்கள்தான் இதற்கு நெருக்கம்: அந்தக் கணத்துக்கு வேறு படம் இல்லை. எனவே கேள்வியை மாற்றி வைத்துக்கொண்டோம். இந்தத் தருணத்துக்கு இதைவிடத் தெளிவான படம் ஏதாவது இருக்கிறதா? மூன்று கார்டிலும் தேடியாயிற்று, இல்லை. அப்படியானால் கொடுப்பது என்று முடிவாயிற்று. மாங்கல்யதாரணத்துக்கு இப்படி ஒரு படத்தை வைக்க நான் சம்மதித்திருக்க மாட்டேன். அதற்கு ஷார்ப்பாக, நல்ல முகபாவத்தோடு உரிமையாளர் எடுத்தவையே இருந்தன, அவைதான் ஆல்பத்தில் போயின.

மென்பொருளால் திருத்திப் பார்த்தது

கொடுக்கும் முன் கலக்கத்தைப் போக்க முடியுமா என்று செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றில் ஓட்டினார்கள். வெளியே வந்த படம் மினுமினுவென்று இருந்தது. ஒரே சீரான அசைவாக இருந்தால் கணக்குப் போட்டுப் பின்னோக்கி எடுக்க ஓரளவு வழி உண்டு. இங்கே ஃபோகஸ் பிழை ஒருபக்கம், கை ஒரு திசை, தலை ஒரு திசை, குறுக்கே தண்ணீர். எனவே மென்பொருள் இல்லாததைத் தான் கற்ற முகங்களிலிருந்து நிரப்பிவிட்டது. பெரியவருக்குப் புது இமை முடிகள் வந்தன. நெற்றிச் சுருக்கம் வேறு மாதிரி ஓடியது. கைக்கு விரல்கள் தெளிவாக முளைத்திருந்தன.

மகளுக்கு இரண்டையும் அனுப்பியதில் உடனே பதில் வந்தது: "இது அப்பா மாதிரி இருக்கு. அப்பா இல்ல." அந்த வழியை அத்தோடு விட்டோம். உறவினர்கள் கண்டுபிடிக்காமலே போயிருந்தாலும் விட்டிருக்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். நடந்ததற்கு சாட்சியாக ஒரு படத்தைக் கேட்கும் வீட்டுக்கு, நடக்காத விரல்களை வரைந்து கொடுப்பது பெரிய துரோகம்.

அளவு, தாள், இடம்

மகள் கேட்டது 20×30 அங்குலம், ஹால் சுவருக்கு. உரிமையாளர் நினைத்தது ஆல்பத்தில் ஒரு மூலையில் சின்னதாக. இதை வாக்குவாதமாக விடாமல் அளந்து பார்த்தோம்.

முகத்தின் கலக்கம், கேமராவுக்குள் படம் விழும் சென்சாரில் ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர். சென்சாரின் நீளம் 36 மில்லிமீட்டர். 12×18 அச்சில் அது பன்னிரண்டரை மடங்குக்குமேல் பெருகி 0.8 மில்லிமீட்டர் ஆகும். 20×30-இல் 1.3 மில்லிமீட்டர் ஆகும். நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறிவது கோணத்தில் ஒரு நிமிடம், அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. கையில் வைத்துப் பார்க்கும் 40 சென்டிமீட்டரில் அது 0.12 மில்லிமீட்டர், மூன்று மீட்டரில் 0.87 மில்லிமீட்டர். மகளை அழைத்து, சோபாவிலிருந்து சுவர் எவ்வளவு தூரம் என்று அளக்கச் சொன்னேன். பத்தடி என்றார். பத்தடி என்றால் மூன்று மீட்டர். 12×18 அங்கே உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தெளிவாகவே படும். 20×30 கலங்கும். சுவருக்கு 12×18 என்று தீர்ந்தது.

ஆல்பத்தில் இந்தக் கணக்கு உதவாது, எந்த அளவிலும் கலக்கம் தெரியும். அங்கே 6×9 அங்குலம், சுற்றிலும் வெற்றிடம் விட்டு, 12×36 ஷீட்டில் தனியாக. பக்கத்தில் ஃபிளாஷ் போட்ட ஷார்ப்பான படத்தை வைக்காமல் பார்த்துக்கொண்டேன். கண் ஒப்பிட்டுத்தான் தெளிவை முடிவு செய்கிறது. அடுத்த படம் ஊசியாக இருந்தால் இது இன்னும் மங்கலாகப் படும். ஷார்ப்பனிங் எதுவும் போடவில்லை. புகையும் பூஞ்சையும் சேர்ந்து வெளுத்திருந்த நிழல்களைக் கொஞ்சம் ஆழமாக்கி, மெல்லிய கிரெயின் (ஃபிலிமில் தெரிவது போன்ற நுண்பொட்டுகள்) சேர்த்து, பளபளப்பில்லாத தாளில் அச்சிட்டோம். கான்ட்ராஸ்ட் ஏறினாலே கண்ணுக்குத் தெளிவு கூடும்; விளிம்பைத் தீட்டினால் கலக்கத்துக்கும் சேர்த்துக் கோடு விழும்.

கறுப்பு வெள்ளையாக்கலாம் என்று நான்தான் சொன்னேன், கலப்பு விளக்குகளின் நிறக் குழப்பம் போய்விடும் என்பதற்காக. மகள் ஒத்துக்கொள்ளவில்லை. வயதானவர்களின் கறுப்பு வெள்ளைப் படம் சுவரில் இருந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். நம் வீடுகளில் அந்தப் பயம் உண்மை. கலர்தான் போயிற்று. நனைந்த நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் கலந்து வழிந்திருந்ததும் அதனால் தப்பியது.

பின் நடந்தது

ஆல்பத்தைப் புரட்டிய அம்மா அந்தப் பக்கத்தில் நின்று, "தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சு, கண்ணே தொறக்க முடியல" என்றாராம். பெரியவர் படத்தைக் கையில் வாங்கி, எந்தக் கை என்று கேட்டிருக்கிறார்.

மகன் கடைசிவரை மனம் மாறவில்லை. தன் வீட்டுக்கு மாங்கல்யதாரணப் படத்தைப் பெரிதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதுவும் நல்ல படம். பெற்றோர் இருவர் முகமும், சுற்றி நின்ற நாற்பது பேர் முகமும் தெளிவாக இருக்கின்றன. அவர் பிள்ளைகள் உறவினர்களை அடையாளம் தெரிந்துகொள்வது அந்தப் படத்தால்தான். கூர்மை யாருக்கு எதற்கு வேண்டும் என்பது ஒரே வீட்டுக்குள்ளேயே வேறுபடுகிறது.

ஊரார் பார்த்துக் குறை சொல்வார்கள் என்று உரிமையாளர் பயந்தது நடந்ததா என்றால், ஒருவர் கேட்டிருக்கிறார், இது ஏன் இப்படி இருக்கிறது என்று. மகளே பதில் சொல்லிவிட்டார்.

எதிர்பாராத விளைவு பையனிடமிருந்து வந்தது. அடுத்தடுத்த விசேஷங்களில் வேண்டுமென்றே ஷட்டரைக் குறைத்து, கலங்கிய படங்களாக எடுத்து வந்தான். தாலி கட்டும் கை கலங்கியது, ஆரத்தித் தட்டு கலங்கியது, சிரிக்கிற குழந்தை கலங்கியது. ஒன்றும் தேறவில்லை. கலக்கம்தான் அந்தப் படத்தை நல்ல படமாக்கியது என்று அவனுக்குப் பட்டிருக்கிறது. பாராட்டு கிடைத்த விதமும் அப்படி நினைக்க வைத்திருக்கும். உரிமையாளர் அவனை உட்காரவைத்து, தண்ணீர் தெறித்தபோதும் கிட்டே நின்றதைத்தான் பாராட்டியதாகச் சொல்ல வேண்டியிருந்தது.

இனி மாறுவது

கழிப்பு மென்பொருள் தொடர்கிறது. சீசனில் அது இல்லாமல் முடியாது. ஆனால் அபிஷேகம், தாலி கட்டு, ஆரத்தி, பெண்ணை அனுப்பி வைப்பது ஆகிய நான்கு பகுதிகளும் அதற்குள் போவதில்லை. அவற்றை ஒருவர் கண்ணால் பார்த்தே கழிக்கிறார். கண் மூடியதைக் கழிக்கும் வசதியை அணைத்துவிட்டார்கள். ஒதுக்கிய ஃபோல்டரின் சிறு வடிவப் படங்கள் குடும்பத்துக்கும் போக வேண்டும் என்று நான் கேட்கிறேன். உரிமையாளர் அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. தேர்வு முடியாமல் இழுக்கும் என்கிறார். இந்த ஒன்றில் நாங்கள் ஒத்துப்போகவில்லை.

புக்கிங் தாளில் சில கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. யாருக்காவது உடல்நலக் குறைவு உண்டா, வெகுநாள் கழித்துச் சந்திப்பவர்கள் யார், யார் யாரோடு பேசுவதில்லை என்பவை. கடைசிக் கேள்விக்குச் சிலர் பதில் எழுதுவதில்லை, ஆனால் போனில் சொல்லிவிடுகிறார்கள்.

பையனின் கேமராவில் ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்து, ஷட்டர் 1/125-க்குக் கீழே இறங்காதபடி செய்தாயிற்று. நாய்ஸ் (படத்தில் பொரிப் பொரியாகத் தெரியும் புள்ளிகள்) வந்தால் வரட்டும். சுடர் எடுக்க வேண்டுமென்றால் அதற்குத் தனி செட்டிங் ஒன்றைப் பதிந்து, முடிந்ததும் திரும்ப மாற்றுவது. 50 எம்எம் லென்ஸ் பூஞ்சை எடுக்க சர்வீசுக்குப் போயிருக்கிறது. கேண்டிட்காரர் தன் கேமராவுக்கு மழை உறை வாங்கிவிட்டார். அடுத்த அபிஷேகத்தில் தண்ணீருக்குள் கிட்டே நிற்கப்போவது அவர்.